மாமா சொன்ன கரெக்ட்

என் பேத்திக்கு நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. ராஜபாளையத்தில் ஏழாவது படிக்கிறாள். அவளுடைய அம்மா வேலையிலிருந்து வரும்வரை அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற பொறுப்பு என்னுடையது. நான் எட்டாவதோடு நின்றவள், அந்த எட்டாவதும் பாதியோடு. ஆனாலும் கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கேட்கிறேன். அவள் பதில் சொல்கிறாள். நான் தலையை ஆட்டி "கரெக்ட்" என்கிறேன். நடுநடுவே முகத்தைச் சுளித்து "தப்பு, திரும்பச் சொல்லு" என்பேன். அவளுக்கு ரோஷம் வந்துவிடும். அது ஏன் சரி என்று வரிவரியாக எனக்கு விளக்குவாள்.

"அம்மாச்சி, நீ இம்புட்டு இங்கிலீஷ் எங்க படிச்ச?" என்று நேற்றுக் கேட்டாள்.

"மிலிட்டரியில" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஆனால் நான் சொன்னதில் பொய் அதிகம் இல்லை.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வீடு வன்னியம்பட்டியில். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் போய் நின்றால் ஒரு பக்கம் போகிற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எதிர்ப்பக்கம் போகிற பஸ் ராஜபாளையத்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினால் என் பள்ளிக்கூடம். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினால் என் சித்தி வேலை பார்த்த நூல் பட்டறை. அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடச் சின்ன விரலாக இருந்தால் நல்லது என்று பட்டறைக்காரர் சித்தியிடம் சொல்லியிருந்தார். சித்தி அதை அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து அம்மா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் என் விரல்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

அரைப்பரீட்சையில் நான் எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் விழுந்திருந்தேன். அப்பா கோபப்படவில்லை. அவர் நிலத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது போலத்தான் எதையும் முடிவு செய்வார். இந்த வாய்க்காலை அடைத்தால் அந்த வாய்க்கால்.

"முழுப் பரீச்சையில இங்கிலீஷ் தேறுனா அந்த பஸ்ஸு. தேறலைன்னா இந்த பஸ்ஸு. விலக்குல நின்னு யோசிக்கிற சோலியே கெடையாது" என்றார்.

வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். நான் அழவில்லை. ஏனென்றால் என் மாமா லீவில் வரப்போகிறார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மிலிட்டரியில் இருந்தார். சட்டைக் கையில் இரண்டு பட்டை. அவர் வடக்கே பெரிய அதிகாரிகளோடு இங்கிலீஷிலேயே பேசுகிறார், இங்கிலீஷிலேயே சாப்பிடுகிறார், தூக்கத்தில் பிதற்றுவதும் இங்கிலீஷில்தான் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மாமா வந்து இறங்கியதும் அவருடைய இரும்புப் பெட்டியை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில், ஒவ்வொன்றும் கொய்யாக்காய் பருமனுக்கு, இங்கிலீஷ் எழுத்துகள். மாமாவின் பேரும் நம்பரும் என்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

அம்மா காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்த கையோடு என்னையும் முன்னால் தள்ளினாள்.

"ஏலே தம்பி, இவளுக்கு இங்கிலீஷ் மண்டையில ஏறமாட்டேங்குது. நீ இருக்குத நாளையில செத்த நேரம் ஒக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போ. ஒனக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே."

மாமா காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். அது சூடு என்பதால் கண் கலங்கியது என்று நினைத்தேன்.

"சொல்லிக் குடுத்துட்டாப் போச்சு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். நான் புத்தகத்தோடு போனேன். வாங்கிப் புரட்டினார். படங்களை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தா பாரு ஏட்டி. நான் சொல்லிக் குடுத்து நீ படிச்சா அது என் படிப்பு. நீயே சொல்லு பாப்போம். சரியா தப்பான்னு மட்டும் நான் சொல்லுதேன். மிலிட்டரியில இப்படித்தான்."

இப்படி ஒரு வாத்தியாரை நான் கண்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். நாங்கள் ஆமாம் போட்டால் போதும். இங்கே எல்லாவற்றையும் நான் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "கரெக்ட்" என்றார். நான் வாசித்தால் கரெக்ட். அர்த்தம் சொன்னால் கரெக்ட். எனக்கே தெரியாமல் இருந்த வார்த்தைக்குக் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன், அதுவும் கரெக்ட். ஒரு வாரத்தில் இங்கிலீஷ் என்பது ஒன்றும் பிரமாதமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் மாமா சும்மா தலையாட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வப்போது தப்பும் சொல்வார். தபால்காரர் ஒருவரைப் பற்றிய பாடம் இருந்தது. அதில் நெய்பர் என்று ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். மாமா கண்ணைத் திறந்தார்.

"தப்பு."

"டீச்சர் அப்படித்தான் மாமா சொன்னாவ."

"சத்தம் பத்தல. தெளிவாக் கேட்டுட்டு வந்து சொல்லு. அந்த வரியில அது என்னத்துக்கு வருதுன்னும் கேட்டுட்டு வா."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சருக்குப் பின்னாலேயே போனேன். அவர் கண்டிப்பானவர். வகுப்பில் ஊசி விழுந்தால்கூட அதை எழுந்து நிற்கச் சொல்லுவார்.

"நெய்பர்னா பக்கத்து வீட்டுக்காரவிய தான டீச்சர்?"

"ஆமா. யாரு இல்லைன்னது?"

"எங்க மாமா. மிலிட்டரி."

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் அந்த வரி முழுவதையும் பிரித்துப் பிரித்து விளக்கினார். சாயங்காலம் அதை அப்படியே மாமாவிடம் ஒப்பித்தேன்.

"ஆங், இதுதான் கரெக்ட்" என்றார் மாமா. உதட்டுக்குள் நெய்பர், நெய்பர் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு இன்னும் நன்றாகப் பதிய வேண்டுமென்று எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இப்படி மாமா தப்பு என்பதும், நான் டீச்சரிடம் ஓடுவதும், திரும்பி வந்து மாமாவோடு மல்லுக்கட்டுவதுமாக நாள் போனது. அவரிடம் தோற்கக் கூடாது என்பதற்காகவே பாடத்தை எல்லாம் துருவித் துருவிக் கேட்டுவைத்துக்கொண்டேன்.

எழுத்து வேலைக்கு வந்தால் மாமாவுக்குத் தனிச் சட்டம். நான் சின்ன எழுத்தில் எழுதிக் காட்டியதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னட்டி, மழைக்கு வந்த பூச்சி மாதிரி நெளியுது. அந்தா பெட்டியில எழுதியிருக்கே, அதுதான் எழுத்து. அப்படி எழுது. படிக்கிறவன் தூரத்துல இருந்தாலும் தெரியணும்."

அன்றிலிருந்து எல்லாமே பெரிய எழுத்து. என் நோட்டு முழுவதும் மிலிட்டரிப் பெட்டியின் மூடி மாதிரி ஆனது. வாசிப்பதற்கும் சட்டம் இருந்தது. குதிகால் சேர்ந்து நிற்க வேண்டும். முகம் நிமிர்ந்து நாடி மேலே இருக்க வேண்டும். பார்வை நேரே. குரல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்க வேண்டும். குனிந்து புத்தகத்தைப் பார்த்தால் மாமாவுக்குப் பிடிக்காது. அதனால் முதலில் வரியைக் கண்ணால் அள்ளிக்கொண்டு, பிறகு தலையை நிமிர்த்தி விடுவேன். எங்கள் மாடுகள் அசைபோடுவதை நிறுத்தி என்னைப் பார்க்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை. பரீட்சையில் சிநேகிதிக்கு லெட்டர் எழுதச் சொல்லி வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மாமாவோ லீவு லெட்டர்தான் வரும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சிநேகிதிக்கு எவளாவது லெட்டர் எழுதுவாளா? நேர்ல போய்ப் பேசமாட்டாளா? மேலதிகாரிக்கு லீவு கேட்டு எழுதுறதுதான் லெட்டரு. அதை எழுது."

டீச்சர் சொல்லிக் கொடுத்த லீவு லெட்டரை நான் எழுத, மாமா பக்கத்தில் இருந்து பார்க்க, தினமும் அதுவே நடந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் கல்யாணமும் ஆகிவிட்டது. கேட்பதற்கு லீவுக் காரணமே மிச்சமில்லை.

பரீட்சை வந்தது. சிநேகிதிக்கு லெட்டர்தான் கேட்டிருந்தார்கள். ஊர்த் தேரைப் பற்றி எழுதி, பார்க்க வரும்படி அவளைக் கூப்பிட வேண்டும். நான் பதறவில்லை. எனக்குத் தெரிந்தது லீவு லெட்டர், அவர்கள் கேட்பது தேர். இரண்டையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. தேர் ஓடுவதால் எனக்குத் தயவுசெய்து லீவு தரும்படி என் சிநேகிதியை மிகப் பணிவோடு கேட்டுக்கொண்டேன். எல்லாம் பெரிய எழுத்தில். மற்றக் கேள்விகளுக்கும் அப்படியே எழுதிவிட்டு, எனக்கு முன்னால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லையே என்று பெருமையோடு வெளியே வந்தேன்.

அடுத்து வாசிப்புப் பரீட்சை. ஒவ்வொருவராக எழுந்து டீச்சர் காட்டுகிற பக்கத்தை வாசிக்க வேண்டும். எனக்குத் தபால்காரர் பாடம் வந்தது. குதிகாலைச் சேர்த்தேன். நாடியைத் தூக்கினேன். வரியை அள்ளினேன், நிமிர்ந்தேன், விட்டேன். பக்கத்து வகுப்பில் நடந்துகொண்டிருந்த கணக்குப் பாடம் நின்றுபோனது. முடித்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. டீச்சர் மார்க் போடவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"புத்தகத்தைப் பாக்காம வாசிக்கிற. மனப்பாடமா?"

"இல்ல டீச்சர்."

"ஒரு வரியாவது புரிஞ்சு வாசிச்சியா?"

"எல்லாம் கரெக்ட் டீச்சர்" என்றேன்.

"நாளைக்கு ஒங்க மாமாவைக் கூட்டிட்டு வா. பொறவு பாக்கலாம் பாசா பெயிலான்னு."

மார்க் வாங்குவதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. மாமா வந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் டீச்சர் எழுந்து நின்றுவிடுவார். அம்மாவிடம் சொன்னேன். அவள் பார்வை மறுபடியும் என் விரல்களுக்குப் போனது. மாமா மட்டும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. தோசை நன்றாக இல்லையோ என்று அம்மா கவலைப்பட்டாள்.

மறுநாள் மாமா பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். விலக்கில் ராஜபாளையம் போகிற பஸ்தான் முதலில் வந்தது. அதில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அதில் ஏறப்போகிறவள் நான் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டீச்சர் காலியான வகுப்பறையில் என் விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். மிலிட்டரிக்காரர் என்பதால் மரியாதையாக எழுந்து, நேராக இங்கிலீஷிலேயே பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். முடித்துவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

மாமாவின் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். பிறகு தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"நீயே சொல்லு பாப்போம்."

டீச்சருக்கு முன்னால் வைத்து என்னைச் சோதிக்கிறார் என்று எனக்கு ஒரே உற்சாகம்.

"எதுக்கு மாமா எனக்கு எல்லாம் பெரிய எழுத்தாச் சொல்லிக் குடுத்தீகன்னு டீச்சர் கேக்காவ. சிநேகிதிட்ட போய் எவளாவது லீவு கேப்பாளான்னும் கேக்காவ."

"கரெக்ட்" என்றார் மாமா.

டீச்சர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொன்று கேட்டார், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. மாமா என் பக்கமே திரும்பியிருந்தார்.

"சொல்லு."

"வீட்டுல தினம் எம்புட்டு நேரம் படிக்கேன், யாரு கூட ஒக்காருதான்னு கேக்காவ மாமா."

"கரெக்ட்."

மூன்றாவது கேள்வியை டீச்சர் மாமாவிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, இங்கிலீஷிலேயே, அந்தத் தபால்காரர் கடைசியில் ஏன் பக்கத்து வீட்டில் கடிதத்தைக் கொடுத்தார் என்று கேட்டார். நான் குதிகாலைச் சேர்த்தேன். வீட்டில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருந்தது, நெய்பர் நல்லவர் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். கூடவே, கேட்காமலே, என் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் இங்கிலீஷில் சேர்த்துச் சொன்னேன்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு இருமல் என்று நினைத்தேன். அப்புறம் பேனாவைத் திறந்து, முந்தின நாள் போடாமல் விட்ட இடத்தில் மார்க் போட்டார்.

"லெட்டருக்கு ஒண்ணும் பெருசாக் கெடையாது. ஆனா இவ புரிஞ்சுதான் வாசிச்சிருக்கா. பாஸ்" என்று தமிழில் மாமாவிடம் சொன்னார். என்னிடம் சொம்பைக் கொடுத்து, "போய்க் குழாயில தண்ணி பிடிச்சுட்டு வா. மெதுவா வந்தாப் போதும்" என்றார்.

நான் மெதுவாகவே வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாமா எங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சு சின்னது. பூட்ஸ் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தொப்பி முழங்காலின் மேல். டீச்சர் கரும்பலகையில் சின்ன எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டிருக்க, மாமா கையைக் கட்டிக்கொண்டு வாயசைத்தார். எனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததற்குத் தண்டனை என்று புரிந்துகொண்டேன். பாவமாக இருந்தது. ஆனாலும் அழாமல் தாங்கிக்கொள்கிறாரே, அதுதான் மிலிட்டரி என்று பெருமையாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் மாமா பால்கோவா வாங்கினார்.

"நீ பாசுங்கதை மட்டும் வீட்டுல சொல்லு. மிச்சமெல்லாம் மிலிட்டரி ரகசியம். வெளிய போச்சுன்னா நாட்டுக்கே ஆபத்து."

நாட்டுக்காக நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னைத் தூக்கவுமில்லை, கொஞ்சவுமில்லை. "அப்ப அந்த பஸ்ஸு" என்றார். அவ்வளவுதான். அம்மா என் விரல்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பட்டறைக்கு வேறு வீட்டு விரல்கள் போயின.

அதற்குப் பிறகு லீவு முடிகிறவரை மாமா தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். கேட்டால் கோயிலுக்கு என்பார். திரும்பும்போது கையில் பால்கோவா. தின்று தின்று எங்களுக்குத் திகட்டிவிட்டது.

"மாப்ளைக்குத் திடீர்னு என்ன இம்புட்டுப் பக்தி?" என்றார் அப்பா.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தவன் கையில துளசியும் இல்ல, நெத்தியில குங்குமமும் இல்ல. கை பூரா வெள்ளையா சாக்கட்டித் தூசியில்ல இருக்கு" என்றாள் அம்மா.

"பால்கோவாக் கடைக்காரன் மகளைப் பாத்துட்டானோ என்னமோ."

அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரகசியமாக ஆள் அனுப்பி, எந்தெந்தக் கடைக்காரருக்கு மகள் இருக்கிறாள், என்ன வயசு என்று விசாரித்தே விட்டாள். எனக்கு இரண்டு பேரைப் பார்த்தும் சிரிப்பு. மாமாவுக்குத் தண்டனை இன்னும் முடியவில்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த டீச்சரும் எத்தனை நாளைக்குத்தான் பிடித்துவைப்பார் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

மிலிட்டரியில் மூன்றாவது பட்டைக்குத் துப்பாக்கி மட்டும் போதாது, பரீட்சையும் எழுத வேண்டும், மாமா அப்போது எழுதவேண்டிய பரீட்சையில் லீவு லெட்டர் முதற்கொண்டு இங்கிலீஷும் இருந்தது என்பதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி, அதே வேலைக்குப் போன என் கொழுந்தன் அழுக்குப் பிடித்த இங்கிலீஷ் புத்தகத்தோடு லீவில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது.

ஆனால் மாமா அடுத்த லீவில் வந்து இறங்கிய அன்று எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சட்டைக் கையில் மூன்று பட்டை. அம்மா சூடம் சுற்றினாள். தெருவே வந்து நின்றது. நான் கூட்டத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பட்டைக்கு எத்தனை பேரைச் சுட்டீக மாமா?"

மாமா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்து அதை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நீயே சொல்லு பாப்போம்."

நான் யோசித்தேன். குறைவாகச் சொன்னால் மாமாவுக்கு மரியாதையில்லை.

"அம்பது."

"கரெக்ட்" என்றார் மாமா.

அன்று சாயங்காலத்துக்குள் வன்னியம்பட்டி முழுக்க அந்த அம்பதைச் சொல்லிவிட்டு வந்தேன்.